ஏறி இறங்கும் குருதியமுக்கம்: ஓசையின்றித் தேயும் உறுப்புகள்

அகதியாய் வாழும் ஒவ்வொருவரது வீட்டிலும் ஒரு கோப்பு உண்டு. தஞ்ச விண்ணப்பத்தின் பிரதி, நிராகரிப்புக் கடிதம், மேன்முறையீட்டுக்கான பற்றுச்சீட்டு, வதிவிட அனுமதியின் நிழற்பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என வாழ்வின் சாட்சியங்கள் யாவும் அதனுள்தான் அடுக்கப்பட்டிருக்கும். வீடு தீப்பற்றினாலும் முதலில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியது அதனைத்தான் என்பது எம்மவர் எல்லோருக்கும் தெரியும்.

அண்மையில், பாரிஸ் புறநகர் ஒன்றில் வசிக்கும் மூத்த நண்பர் ஒருவர், தமது கோப்பினை எம்மிடம் தந்து, ஒரு மருத்துவக் கடிதத்தை மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டிருந்தார். தாயகத்தில் எம்முடன் ஒரே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவர் அவர். இங்கு பல ஆண்டுகளாக உணவகம் ஒன்றில் இரவு வேளையில் கோப்பை கழுவுகிறார். அக் கடிதத்தைத் தேடியபோது, வதிவிடப் பத்திரங்களுக்கிடையே செருகப்பட்டிருந்த நான்கு சிறு துண்டுகள் எமது கண்ணிற் பட்டன. வெவ்வேறு வைத்தியர்கள் இரண்டு வருட இடைவெளிக்குள் கிறுக்கிக் கொடுத்த எண்கள் அவை. 17/10. 13/8. 18/11. 14/9.

ஐந்தாவது தாளே நாம் மொழிபெயர்க்க வேண்டியிருந்த கடிதம். இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்துவிட்டது, சிறுநீரில் புரதம் கசிகிறது, சிறுநீரகங்களின் வேலைத்திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது என்பதே அதன் சாரம்.

முதலாவது துண்டு எழுதப்பட்ட நாளில் மொழிபெயர்ப்பாளராக அருகில் அமர்ந்திருந்தவர்கள் நாமே என்பதை இங்கு சொல்லித்தான் ஆகவேண்டும். தஞ்சக் கோரிக்கைக்கான விசாரணை மறுநாள் நடைபெறவிருந்தது. வைத்தியர் எண்ணைச் சொன்னார். பதற்றமாக இருக்கலாம் என்றும், சில வாரங்களில் மீண்டும் வந்து அளந்து பார்க்கும்படியும் சொன்னார். வெளியில் வந்ததும், "பயத்திலதான் ஏறியிருக்குத் தம்பி, வேறை ஒண்டுமில்லை" என்றார் நண்பர். "ஓம் அண்ணை, விசாரணை முடிய எல்லாம் இறங்கிவிடும்" என்று நாமும் ஒத்துப் பாடினோம். அடுத்து 13/8 வந்தபோது, பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று இருவருமே நம்பினோம். அந்த நம்பிக்கைதான் பிழையானது. அது ஏன் பிழையானது என்பதை எமது வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

பதினேழா, நூற்று எழுபதா?

முதலில் ஓர் எளிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தாயகத்தில் குருதியமுக்கத்தை நூற்றிருபது, நூற்றுநாற்பது என்றே கேட்டுப் பழகியவர்கள் நாம். பிரான்சிலோ வைத்தியர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பதினான்கு என்றே சொல்கிறார்கள். பாதரசத்தின் உயரத்தை மில்லிமீற்றரில் சொல்லாது சென்ரிமீற்றரில் சொல்வதே இதற்குக் காரணம். பதினேழு என்பது நூற்று எழுபது. பத்து என்பது நூறு. "பதினேழுதானே, பெரிய எண் இல்லையே" என்று எமது நண்பர் உள்ளூர ஆறுதலடைந்திருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். இந்த வேறுபாட்டை அன்று விளக்காமல் விட்டது எமது குறை.

மேலே உள்ள எண், இதயம் சுருங்கிக் குருதியை உந்தும் கணத்தில் நாடிகளின் சுவரில் ஏற்படும் அமுக்கம். கீழே உள்ளது, இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் கணத்து அமுக்கம். வைத்தியநிலையத்தில் பல தடவை அளந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின், அதனை உயர் குருதியமுக்கம் என ஐரோப்பிய வைத்தியர்கள் கொள்கின்றனர். அமெரிக்க வைத்தியச் சங்கங்கள் 2017ஆம் ஆண்டில் அந்த எல்லையை 130/80 எனக் குறைத்துக்கொண்டன. எல்லைக்கோடு எங்கு வரையப்பட்டாலும், அதனைத் தாண்டிய நாளில் எமது உடல் எமக்கு எதனையும் அறிவிப்பதில்லை. தலையிடி, தலைச்சுற்று வந்தாற்றான் 'பிரஷர்' என்ற எண்ணம் எம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. உண்மையில், பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

நிலையாக நில்லாத எண்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்ரீபன் ஹேல்ஸ் என்ற மதகுரு, 1733ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பரிசோதனையொன்றில், குதிரை ஒன்றின் நாடியில் கண்ணாடிக் குழாயொன்றைப் பொருத்தியபோது, குருதி எட்டடிக்கும் மேலாக உயர்ந்து நின்றது. குருதியமுக்கம் அளக்கப்பட்ட வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. அந்தக் குருதி மட்டம் ஓரிடத்தில் அசையாது நிற்கவில்லை, ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தது என்பதையும் அவர் கவனித்திருந்தார். 1896இல் இத்தாலியரான ரிவா ரொச்சி கையில் சுற்றும் பட்டியை உருவாக்கினார். 1905இல் ரஷ்ய வைத்தியரான கொரொட்கொவ், அப் பட்டியின் கீழ் நாடியின் ஒலியைக் கேட்டு இரு எண்களையும் கணிக்கும் முறையைக் கண்டறிந்தார். வசதியான முறை அது. ஆயினும், இருபத்துநான்கு மணித்தியாலமும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆற்றின் ஆழத்தை ஒரேயொரு கணத்தில் அளந்துவிட்டு, இதுதான் ஆறு என்று முடிவுகட்டும் பழக்கத்தையும் அது வைத்திய உலகில் ஏற்படுத்திவிட்டது.

1960களின் இறுதியில், ஒக்ஸ்போர்ட் நகர ஆய்வாளர்கள், கையின் நாடியினுள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, நடமாடும் மனிதரின் குருதியமுக்கத்தை இராப் பகலாகப் பதிவு செய்தனர். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. பேசினால் ஏறுகிறது. கோபித்தால் ஏறுகிறது. வலித்தால் ஏறுகிறது. ஆழ்ந்து உறங்கினால் இறங்குகிறது. ஒரே மனிதருக்கு ஒரே நாளில் பல பத்து மில்லிமீற்றர் வேறுபாடு சாதாரணமாகவே காணப்பட்டது.

1983இல் இத்தாலியின் மிலான் நகரில் ஜுசெப்பே மான்சியா குழுவினர் இவ்வாறே பதிவு செய்துகொண்டிருந்தவேளை, நோயாளியின் படுக்கையருகே வைத்தியர் வந்து நின்றாலே மேல் எண் சராசரியாக 27 மில்லிமீற்றர் வரை உயர்வதைக் கண்டனர். வெள்ளை அங்கியைக் கண்டால் ஏறும் குருதியமுக்கம் என்று இன்று சொல்லப்படுவது இதுவே. எமது நண்பருக்கும் இதுதான் நேர்ந்தது என்று நாம் எண்ணினோம். அப்படி எண்ணியதில் முழுத் தவறும் இல்லை. அதனை அளந்து உறுதிப்படுத்தாமல் நம்பியதே தவறு.

ஏனெனில் இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. வைத்தியர் முன்னிலையில் சாதாரணமாக இருந்து, வீட்டிலும் வேலைத்தலத்திலும் உயர்ந்து நிற்கும் குருதியமுக்கம் அது. முகமூடி அணிந்த உயர் குருதியமுக்கம் என்று அதற்குப் பெயரிட்டுள்ளனர். விடுமுறை நாளொன்றில் நன்கு உறங்கி எழுந்து சென்று அளந்தபோது கிடைத்ததே அந்த 13/8 என்பதை நண்பர் இப்போது நினைவுகூர்கிறார். மற்றைய நாட்களில் நள்ளிரவு இரண்டு மணிக்கு, கொதிநீரின் ஆவிக்கும் முதலாளியின் அதட்டலுக்கும் நடுவே அவரது குருதியமுக்கம் எங்கு நின்றது என்பதை எவரும் அளந்ததில்லை.

இரவு என்பது இவ் விடயத்தில் மிக முக்கியமானது. உறக்கத்தில் குருதியமுக்கம் பகலைக் காட்டிலும் பத்து முதல் இருபது வீதம் குறையவேண்டும். நாடிகளுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு அதுதான். சிலருக்கு அந்த இறக்கம் நிகழ்வதேயில்லை என்பதையும், அவர்களிடையே பாரிசவாதம் கூடுதலாகக் காணப்படுவதையும் 1988இல் டப்ளின் நகர வைத்தியர் ஒயின் ஓ'பிரையன் குழுவினர் சுட்டிக்காட்டினர். அதிகாலையில் கண்விழிக்கும்போது ஏற்படும் உயர்வு சிலருக்கு அளவு மீறியதாக இருக்கின்றது என்பதையும், மாரடைப்பும் பாரிசவாதமும் காலை வேளையிலேயே அதிகம் நிகழ்கின்றன என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஒரு ஜனாதிபதியின் எண்கள்

எண்களைக் கண்டும் காணாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்டின் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை எனலாம்.

1937இல் அவருக்கு 162/98. 1941இல் 188/105. அவருக்கென நியமிக்கப்பட்டிருந்த வைத்தியர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். வயதுக்கேற்ற ஆரோக்கியத்துடன் ஜனாதிபதி இருப்பதாகவே மக்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது. 1944 மார்ச்சில் ஹவர்ட் புரூன் என்ற இளம் இதய நிபுணர் அவரைப் பரிசோதித்தபோது குருதியமுக்கம் 186/108 ஆக இருந்தது. ஆனால் புரூனைத் திடுக்கிட வைத்தது அந்த எண் மாத்திரமல்ல. இதயம் பருத்துவிட்டிருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. சிறுநீரில் புரதம் கசிந்தது. எண்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை உறுப்புகள் அப்போது உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தன.

அதே ஆண்டு செப்டெம்பரில், கியூபெக் மாநாட்டின்போது, முன்னாள் ஜனாதிபதி வில்சனைப் பற்றிய திரைப்படமொன்று அவருக்குக் காண்பிக்கப்பட்டது. பதவியில் இருந்தவாறே பாரிசவாதத்தால் வீழ்ந்தவர் வில்சன். படம் முடிந்தபின் அளந்தபோது ரூஸ்வெல்டின் குருதியமுக்கம் 240/130. திரையில் தமது எதிர்காலத்தைக் கண்ட மனிதரின் எண்ணோ அது என்று எம்மை எண்ண வைக்கின்றது. 1945 ஏப்ரல் 12ஆந் திகதி, ஓவியர் ஒருவரின் முன் அமர்ந்திருந்த வேளையில் தலை வலிப்பதாகச் சொல்லிச் சரிந்தார். அப்போது குருதியமுக்கம் 300/190. மூளையிற் குருதிப்பெருக்கு. வயது 63. உலகின் தலைசிறந்த வைத்தியர்களை அழைக்கக்கூடிய ஒருவருக்கு நேர்ந்தது இது. அக்காலத்தில் பயன்தரக்கூடிய மருந்துகள் இருக்கவில்லை என்பதும் உண்மை. இன்று அவை உண்டு. கண்டும் காணாதிருக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

உறுப்புகள் எவ்வாறு தேய்கின்றன?

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பும் நாடிச் சுவரில் விழும் ஓர் அடி. இளமையில் அச் சுவர் இறப்பரைப் போல் நெகிழ்ந்து அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது. அமுக்கம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருக்கும்போது நெகிழ்ச்சி குன்றி, சுவர் தடித்து விறைக்கின்றது. கழுத்து நாடியிலும் பெருநாடியிலும், அமுக்கத்தின் ஏற்ற இறக்கத்தை உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகள் உள்ளன. சுவர் விறைத்தால் அவற்றின் உணர்திறனும் மங்குகின்றது. கடிவாளம் தளர்ந்த குதிரையைப் போல் அமுக்கம் மேலும் துள்ளுகின்றது. துள்ளல் நாடியைக் கெடுக்கின்றது, கெட்ட நாடி துள்ளலைக் கூட்டுகின்றது. இதுவே இந் நோயின் நச்சுவட்டம்.

மிலான் குழுவினர் 1987இல் 108 நோயாளரிடம் இதனை அளந்து காட்டினர். சராசரிக் குருதியமுக்கம் ஒரேயளவில் உள்ளவர்களை ஒப்பிட்டபோது, யாருக்கு ஏற்ற இறக்கம் அதிகமோ அவருக்கே உறுப்புப் பாதிப்பும் அதிகமாகக் காணப்பட்டது. 2010இல் ஒக்ஸ்போர்ட்டின் பீற்றர் ரொத்வெல் குழுவினர், ஒவ்வொரு தடவை வைத்தியரிடம் செல்லும்போதும் எண் பெரிதும் மாறுபடுபவர்களுக்குப் பாரிசவாத அபாயம் கூடுதல் எனக் கண்டனர். சராசரி அளவே இன்றும் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்கென்றே தனியான குளிசை எதுவும் இல்லை. ஆனால் "ஒரு நாள் பதினெட்டு, ஒரு நாள் பதின்மூன்று, ஆகவே பரவாயில்லை" என்று கணக்குப் போடுவது தவறு என்பதை இவ் ஆய்வுகள் ஐயந்திரிபற உணர்த்துகின்றன. ஏறி இறங்கும் எண் ஆறுதலுக்குரியதன்று, மேலும் ஆராயப்பட வேண்டியது.

தேய்வு முதலில் நான்கு இடங்களிற் தோன்றும்.

இதயத்தின் இடது அறை, உயர்ந்த அமுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தசை பருத்துத் தடிக்கின்றது. உடற்பயிற்சியால் திரளும் புயத்தைப் போன்றதல்ல இது. தடித்த இதயம் விறைத்து, காலப்போக்கில் களைத்துப் போகும். ஈ.சி.ஜி. பதிவும், அதனைவிடத் துல்லியமாக ஒலியலைப் பரிசோதனையும் இதனைக் காட்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகள் உள்ளன. அமுக்கம் உட்புகுந்து தாக்கும்போது அவ் வடிகளின் கண்கள் தளர்ந்து, குருதியில் தங்கவேண்டிய அல்புமின் என்ற புரதம் மெல்லக் கசிகின்றது. அப்போது வலி இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீரின் அளவிலும் மாற்றமில்லை. ஒரு சிறு குப்பிச் சிறுநீரை ஆய்வுகூடத்திற்கு அனுப்பினாலே அது தெரிந்துவிடும். எமது நண்பருக்கு இரண்டு ஆண்டுகளாக எவரும் செய்யாதிருந்த பரிசோதனை அதுதான். நாமும் கேட்கவில்லை.

கண்ணின் விழித்திரை, உடலைக் கீறாமலே குருதிக் குழாய்களை நேரிற் பார்க்கக்கூடிய ஒரே இடம். ஒடுங்கிய நாடிகளும் குருதிக் கசிவும் அங்கு தென்படுமாயின், அதே மாற்றங்கள் மூளையிலும் சிறுநீரகத்திலும் நிகழ்ந்துகொண்டிருக்கலாம் என ஊகிக்க முடியும்.

மூளையின் ஆழத்தே செல்லும் மெல்லிய நாடிகள் அடைபடும்போது, கடுகளவான சிறு குழிகள் தோன்றுகின்றன. பெரும்பாலும் அவை எந்த அறிகுறியுமின்றியே தோன்றும். பல சேர்ந்த பின்னரே நடை தளரும், நினைவு மங்கும். "அப்பாவுக்கு வயது போட்டுது" என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள்.

அகதி வாழ்வும் குருதியமுக்கமும்

விசாரணைகளும் நிராகரிப்புகளும் மட்டுந்தான் எமது குருதியமுக்கத்தை ஏற்றுகின்றன என்று எண்ணுவதும் முழுமையான பார்வையன்று. அச்சத்தின் ஏற்றம் பெரும்பாலும் தற்காலிகமானது. அதனைவிட, நாள் தவறாது தொடரும் சில பழக்கங்களே எமக்குக் கூடிய தீங்கு செய்கின்றன.

இரவு வேலை முதலாவது. பகலில் நான்கு மணித்தியாலம் துண்டு துண்டாக உறங்குபவரின் உடலுக்கு, இரவின் இயற்கையான இறக்கம் கிடைப்பதில்லை. உரத்துக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களுக்கும் இதே நிலைதான். அது களைப்பின் அறிகுறியன்று. பரிசோதித்துச் சிகிச்சை பெறவேண்டிய நோய். குளிர் காலத்தில் குருதியமுக்கம் சற்றே உயரும் என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்லவேண்டும்.

உப்பு இரண்டாவது. நாளொன்றுக்கு ஐந்து கிராமிற்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டியளவிற்கும் உட்பட, உப்பு உட்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லாச்சப்பல் கடைகளில் நாம் ஏக்கத்துடன் வாங்கும் கருவாடும், ஊறுகாயும், மோர்மிளகாயும், அப்பளமும், மிக்சரும் அந்த ஐந்து கிராமை ஒருவேளைச் சாப்பாட்டிலேயே முடித்துவிடக்கூடியவை. இந்த நாட்டுப் பாணிலும் பாற்கட்டியிலும் உள்ள உப்பு அதற்கு மேலதிகம். ஊரின் சுவையைக் கைவிடச் சொல்லும் உரிமை எமக்கில்லை. அதனை நாளாந்த உணவாக்காமல், நல்ல நாளின் உணவாக்கலாமே என்றுதான் கேட்கிறோம்.

மூன்றாவது, வலிநிவாரணிகள். இடுப்பு வலிக்கும் தோள்மூட்டு வலிக்கும் எம்மவர் கடையில் வாங்கி விழுங்கும் இபுபுரோபன் போன்ற மருந்துகள் உப்பையும் நீரையும் உடலிற் தேக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்துகின்றன. சிறுநீரகத்தையும் வருத்துகின்றன. நீரில் நுரைத்துக் கரையும் பரசிற்றமோலிலோ மறைந்திருக்கும் சோடியம் உண்டு. நாளொன்றுக்கு எட்டுக் குளிசை கரைத்துக் குடிப்பவர், அதனாலேயே ஒரு நாளுக்குரிய உப்பின் எல்லையைத் தாண்டிவிடுகிறார். கரையாத வகையைக் கேட்டு வாங்கினால் இச் சிக்கல் இல்லை.

நான்காவதே எல்லாவற்றிலும் கொடியது. அது, குளிசையை விட்டுவிட்டுப் போடும் பழக்கம். தலையிடித்தால் போடுவது, இறங்கியதும் நிறுத்துவது, காப்புறுதி முடிந்ததும் மறந்துவிடுவது, அயல் வீட்டு அக்காவிடம் இரண்டு கடன் வாங்குவது. எமது நண்பரின் கோப்பிலிருந்த 18/11, 14/9 என்ற இரு எண்களுக்கிடையிலான பள்ளம் இவ்வாறு தோண்டப்பட்டதே. சில வகை மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், அமுக்கம் முன்பிருந்ததைவிடவும் உயரப் பாயும். நாள் முழுவதும் சீராக இயங்கும் மருந்துகள் இன்று கிடைக்கின்றன. ஒத்துக்கொள்ளவில்லையாயின் வைத்தியரிடம் சொல்லி மாற்றலாம். தாமாக நிறுத்துவது கூடாது.

அகதி வைத்தியரும் அரிசிச் சோறும்

தேய்ந்தது தேய்ந்ததுதானா என்று நண்பர் எம்மிடம் கேட்டார். அதற்கு விடையாக, எம்மைப் போலவே அகதியாக வந்த ஒருவரின் கதையைச் சொன்னோம்.

வால்ரர் கெம்ப்னர் 1903இல் பேர்லினிற் பிறந்தவர். யூதக் குடும்பத்தவர். ஹிட்லரின் ஆட்சியினால் நாட்டைவிட்டு வெளியேறி, 1934இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்தார். கடும் குருதியமுக்கத்தினால் இதயமும் சிறுநீரகமும் கெட்டு, வைத்தியர்களாற் கைவிடப்பட்டவர்களுக்கு, உப்பேயில்லாத அரிசிச் சோற்றையும் பழங்களையும் சர்க்கரையையும் மட்டுமே உணவாகக் கொடுத்தார். பலருக்குக் குருதியமுக்கம் இறங்கியது. பருத்த இதயம் சுருங்கியது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட விழித்திரைப் படங்களை அவர் 1940களில் வெளியிட்டபோது, குருதிக் கசிவுகள் மறைந்திருந்ததைச் சக வைத்தியர்களே நம்ப மறுத்தனராம். அதிசயத்தைச் செய்தது சோறன்று, அதில் உப்பு இல்லாமையே. கடுமையான கண்காணிப்பின் கீழ் மட்டுமே செய்யக்கூடிய அந்த உணவுமுறையை வீட்டிற் கைக்கொள்ளும்படி நாம் சொல்லவில்லை. உறுப்புப் பாதிப்பு, காலத்தோடு கண்டுபிடிக்கப்பட்டால், ஓரளவு திரும்பக்கூடியது என்பதை உலகுக்குக் காட்டிய முதன்மைச் சான்றுகளில் அது ஒன்று என்பதே எமது கருத்து.

மருந்துகளின் வல்லமை 1967இல் நிரூபணமாயிற்று. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் 143 பேர், கீழ் எண் 115க்கும் 129க்கும் இடைப்பட்டவர்கள், இரு பிரிவாக்கப்பட்டனர். வெற்றுக் குளிசை பெற்ற பிரிவில் 27 பேருக்கு மரணமோ கடும் விளைவுகளோ நேர்ந்தன. உண்மை மருந்து பெற்ற பிரிவில் இருவருக்கு மாத்திரமே. அம் மருந்துக் கலவையில் ஒன்று, எமது முன்னோர் அறிந்திருந்த சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து பெறப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. அதனிலும் பாதுகாப்பான மருந்துகள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. அவற்றுட் சில, சிறுநீரில் கசியும் புரதத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கவும் வல்லன.

நாம் செய்யவேண்டியவை

வீட்டில் அளப்பதே முதற் பணி. மேற்கையிற் சுற்றும் தானியங்கிக் கருவி போதும். பட்டி கையின் பருமனுக்குப் பொருந்தவேண்டும். பிரெஞ்சு வைத்தியர்கள் இதற்கு மூன்றின் விதி என்றொரு எளிய முறையைச் சொல்கின்றனர். காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை, மூன்று நாட்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமீது வைத்து, பேசாது அளக்கவேண்டும். அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் கோப்பி, சிகரெட் கூடா. சிறுநீரை அடக்கிக்கொண்டு அளப்பதும் கூடாது. பதினெட்டு எண்களையும், நல்லது கெட்டது என்று தெரிவு செய்யாது, அப்படியே எழுதி வைத்தியரிடம் கொடுக்கவேண்டும். வீட்டுச் சராசரி 135/85 ஐ எட்டினால் அது உயர் குருதியமுக்கமே. இரவு வேலை செய்பவர்கள், தாம் உறங்கி எழும் நேரத்தைக் காலையெனக் கொண்டு, அதனையும் வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும். தேவையாயின் இருபத்துநான்கு மணிநேரப் பதிவுக்கருவியை அவர் பரிந்துரைப்பார்.

இரண்டாவது, நான்கு பரிசோதனைகளைக் கேட்டுப் பெறுவது. சிறுநீரில் அல்புமின், குருதியில் கிரியற்றினின், ஈ.சி.ஜி., கண்ணின் விழித்திரை. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கருவுற்ற காலத்தில் குருதியமுக்கம் உயர்ந்திருந்த தாய்மாரும், நீரிழிவு உள்ளவர்களும், பெற்றோருக்குப் பாரிசவாதம் வந்தவர்களும் இதில் கூடிய கவனஞ் செலுத்தவேண்டும்.

மூன்றாவது, எண்ணைக் கண்டு பதறாதிருப்பது. மார்பு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒருபக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வை மறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே 112 ஐ அழைக்கவேண்டும். இவை எதுவுமின்றி எண் மட்டும் உயர்ந்திருந்தால், அமைதியாக அமர்ந்து மீண்டும் அளந்து, அன்றோ மறுநாளோ வைத்தியரை நாடவேண்டும். இரண்டு மூன்று குளிசைகளை ஒன்றாக விழுங்கி அவசரமாக இறக்க முற்படுவது பேராபத்து. உயர்ந்த அமுக்கத்திற்குப் பழகிவிட்ட மூளை, திடீர் இறக்கத்தில் குருதியின்றித் தவிக்கும்.

நான்காவது, எம்மைப் போல் மொழிபெயர்க்கச் செல்பவர்களுக்கு. வைத்தியர் சொல்லும் எண்ணை மாத்திரமன்றி, அதன் அளவையும், அடுத்த தவணையின் திகதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்வது நல்ல பண்புதான். ஆனால் வைத்தியர் சொல்லாத ஆறுதலை நாமாகச் சேர்த்துச் சொல்ல எமக்கு உரிமையில்லை. அந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொண்ட விலை எமது நண்பரின் சிறுநீரகங்கள்.

நண்பர் இப்போது உப்பைக் குறைத்திருக்கிறார். குளிசையை நாள் தவறாது உட்கொள்கிறார். வேலைத்தலத்தில் பகல் நேரத்திற்கு மாறியிருக்கிறார். கடந்த தடவை செய்த பரிசோதனையில் புரதக் கசிவு குறைந்திருந்தது. இழந்த பாதி மீளவில்லை. மிஞ்சிய பாதி நிலைத்து நிற்கின்றது.

அவரது கோப்பினுள் இப்போது ஒரு சிறிய பாடசாலைக் கொப்பியும் இருக்கின்றது. வதிவிட அனுமதிக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவே அதனை வைத்திருக்கிறார். அதில் நாட்களும் எண்களும் அவரது அழகிய கையெழுத்தில் வரிசையாக உள்ளன. வாசகர்களே, உங்கள் கோப்பிலும் அப்படியொரு கொப்பிக்கு இடம் ஒதுக்குங்கள். இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை எவ்வளவு கவனமாகக் காத்து வருகிறோமோ, இருப்பதற்கான உடலையும் அவ்வளவு கவனமாகக் காப்பது எமது கடமையல்லவா?